கடைசிப் படகு ஒன்பது நாற்பதுக்கு

லிஃப்ட் பழுதுக்குச் சேர்த்த பணத்தில் மிச்சம் இருந்தது.
வெள்ளையடிக்கப் போதாது.
பங்கு பிரித்தால் சிரிப்பார்கள்.
தீவுக்குப் போய் மீன் தின்னப் போதும் என்று
கூட்டத்தில் நான்தான் வாயை விட்டேன்.
சொன்னவள் தலையில் விடிந்தது வேலை.

எட்டு வீடு, பத்தொன்பது பேர், ஒரு கைக்குழந்தை.
அக்டோபர் இரண்டாம் ஞாயிறு
போஸ்தான்ஜி படகுத்துறையில் மூன்றரைக்கு நிற்க வேண்டும்.
ஸெர்மெத் வீட்டாரிடம் மட்டும்
மூன்று என்று சொல்லியிருக்கிறேன்.

கோடை அட்டவணை ஒன்று, குளிர்கால அட்டவணை ஒன்று.
இரண்டையும் நீட்டிக் கேட்டபோது
துறைக் காவலர் வானத்தைப் பார்த்தார்.
தெற்கிலிருந்து லோதோஸ் கிளம்பிவிட்டால்
படகு வராதாம்,
தலைவலி மட்டும் நேரத்துக்கு வருமாம்.

புர்காஸ் தீவில் கோஸ்மாவின் உணவகம்.
நீலமீன் இருக்குமா என்றேன் போனில்.
கடலைக் கேளுங்கள் என்றார்.
கிலோ என்ன விலை?
அதையும் கடலைத்தான் கேட்க வேண்டும்.
இருபத்தாறு வருஷம் கணக்கெழுதியவள் நான்.
கடல் ரசீது தராது,
நீங்களே சொல்லுங்கள் என்றேன்.
சிரித்தார். கொஞ்சம் குறைத்தார்.

நூர்ஹயாத்துக்குச் சிப்பி ஆகாது, உதடு வீங்கும்.
ஆர்த்தினுக்கு முள் என்றால் பயம்,
அறுபது வயதில் அதை என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.
ஸெர்மெத்தின் பையன் உருளைக்கிழங்கு வறுவல் தவிர
உலகத்தில் எதையும் நம்புவதில்லை.
ஆறரைக்கு உட்கார்ந்தால் ஏழேகாலுக்கு மீன் வரும்.
காபி எட்டரைக்கு.
உணவகத்திலிருந்து துறைக்குப் பன்னிரண்டு நிமிடம்,
முழங்கால் உள்ளவர்களுக்கு இருபது.
கடைசிப் படகு ஒன்பது நாற்பது.

பட்டியலில் எழுதாத ஒன்று உண்டு.

ஐந்தாம் எண் முவல்லா வீட்டுக் குளியலறை
மூன்றாம் எண் ஃபெரிதுன் வீட்டுக் கூரையில்
பதினாலு மாதத்துக்கு முன் ஒழுகியது.
குழாய் அன்றைக்கே அடைபட்டது.
பேச்சும் அன்றைக்கே.
லிஃப்டில் இருவரும் எண்களைப் பார்த்தபடி இறங்குவார்கள்,
ஏதோ லாட்டரி முடிவு வருவதைப் போல.

வக்கீல் கடிதம் வரைக்கும் போயாயிற்று.
வீட்டில் சண்டை என்றால் கதவைச் சாத்தலாம்,
தெருவில் என்றால் அடுத்த சந்தில் திரும்பலாம்.
படகில் எங்கே போவது?
மானம் கப்பலேறும் என்பார்கள்.
ஒரு தடவை
கோபமும் ஏறிப் பார்க்கட்டுமே.

மேசையின் கடல்பக்க ஓரத்தில்
எதிரெதிரே அவர்கள் இரண்டு பேர்.
அந்த ஓரத்துக்கு ஒரே ஒரு உப்புக்குடுவை போதும்
என்று கோஸ்மாவிடம் சொல்லிவிட்டேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவர்.
சிக்கனக்காரி என்று நினைத்திருப்பார்.

வியாழக்கிழமை முவல்லா மாடிப்படியில் நிறுத்தினாள்.
வரவில்லை என்றாள்.
அவனுக்காகவா என்றேன்.
அவன் யார் எனக்கு,
படகு ஏறினாலே குடல் புரளும்,
போன முறை ரெயிலிங்கைப் பிடித்தபடிதான் தீவைப் பார்த்தேன் என்றாள்.
சத்தமாகவே சொன்னாள்.
நம் கட்டடத்தில் படிக்கட்டுக்குக் காது பெரிது.

நேற்று இரவு என் கதவடியில் ஒரு காகித உறை.
உள்ளே குமட்டலுக்கான மாத்திரை, ஒரு அட்டை முழுதும்.
கூடவே ஃபெரிதுனின் கோணல் எழுத்து:
கூட்டத்தில் யாருக்காவது தேவைப்படும்.
ஏறுவதற்கு அரைமணி முன்னால்.
வெறும் வயிற்றில் கூடாது.

இந்தச் செலவை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பேனாவை மூடி வைத்தேன்.
மாத்திரையை என் பையில் போட்டுக்கொண்டேன்,
நான் வாங்கியதாகவே கொடுப்பேன்.
அல்லது கொடுக்கும்போது வாய் தவறும்.
அதை இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்று சனி. எதிர்க் கூரையில்
யாரோ காயப்போட்ட போர்வை
படபடவென்று அடித்துக்கொள்கிறது.
எந்தப் பக்கக் காற்று என்று
ஜன்னலில் நின்று பார்க்கிறேன்.
லேசாக ஒரு தலைவலி.